வரைநோட்டு வாங்கும்போது...

டிசைனர்களுக்குப் பையில் அடங்கும் ஏ5 அளவு (148 × 210 மி.மீ.) போதும். பெரிய நோட்டு மேசையை விட்டு நகராது.

முதலில் பார்க்க வேண்டியது தாளின் கனம். 70, 80 ஜிஎஸ்எம் தாளில் பென்சிலும் பால்பாயின்ட் பேனாவும் சிக்கலின்றி ஓடும். மார்க்கர் பட்டால் மறுபக்கம் ஊறிவிடும். மைப்பேனாவுக்கு 120 ஜிஎஸ்எம் தாள் நல்லது. நீர்வண்ணத்துக்கு 200க்குக் குறையக் கூடாது; 300 என்றால் தாள் அதிகம் நெளியாது. வாங்கியதும் கடைசிப் பக்கத்தில் உங்களிடமுள்ள பேனாக்கள் எல்லாவற்றாலும் ஒரு கோடு இழுத்து, தாளைத் திருப்பிப் பாருங்கள்.

லோகோ, செயலித் திரை வரைய 5 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்த தாள் வசதி. கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது புதிதும் அல்ல! ஸ்பைரல் நோட்டை முழுதாக மடிக்கலாம். ஆனால் இரு பக்கம் சேர்த்து வரையும்போது கம்பி குறுக்கே நிற்கும். அதற்கு நூல்தையல் நோட்டுதான் சரி.

விலையுயர்ந்த தோலட்டை நோட்டு வேண்டாம். அதில் கிறுக்கக் கை தயங்கும்.

பக்க எண்ணும் தேதியும் அவசியம். பிடிக்காத பக்கத்தைக் கிழிக்காதீர்கள். ஒரு வாடிக்கையாளர் ஒதுக்கிய வடிவம் இன்னொரு வேலைக்குப் பொருந்தலாம். பின்னட்டையின் உள்ளே ஒரு காகித உறையை ஒட்டிவிட்டால் துணித்துண்டு, வண்ண மாதிரி, பழைய டிக்கெட் எல்லாம் அதிலேயே இருக்கும்.