பேருந்து நிலையம் ரயில் நிலையமானது

பேருந்துக்குக் காத்து நிற்காதவர் யார்? வண்டி வரும். ஆனால் கூட்டம் நிரம்பி வழியும். நிற்காமலே போய்விடும்.

கனடா நாட்டின் தலைநகரம் ஒட்டாவா. அங்கும் இந்தத் தொல்லை இருந்தது.

1983-ஆம் ஆண்டு முதல் அங்கே பேருந்துகளுக்கென்று தனிச் சாலை போட்டார்கள். அதில் காரும் லாரியும் போகக் கூடாது. புறநகரிலிருந்து பேருந்துகள் விரைவாக வந்தன. ஆனால் நகரின் நடுவில் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே சிக்னல் உண்டு. காலையிலும் மாலையிலும் பேருந்துகள் வரிசையாக நின்றன. இன்னும் பேருந்து விட்டால் வரிசைதான் நீளும்!

எனவே தனிச் சாலையில் ரயில் விட முடிவு செய்தார்கள். இது மின்சாரத்தில் ஓடும் இலகு ரயில். இரண்டு வண்டிகளைச் சேர்த்தால் 600 பேர் வரை போகலாம். நகரின் நடுவில் 2.5 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டினார்கள். அங்கே சிக்னல் தொல்லை இல்லை.

பிளேர் நிலையம்

கிழக்குப் புறநகரில் பிளேர் என்ற பேருந்து நிலையம் இருந்தது. 2015-இல் அங்கே வேலை தொடங்கியது. பேருந்துகளை நெடுஞ்சாலைக்குத் திருப்பினார்கள். தனிச் சாலையில் தண்டவாளம் பதித்தார்கள். மேலே மின்கம்பி கட்டினார்கள். நடைமேடையை ரயிலின் தளத்துக்குச் சமமாக அமைத்தார்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் பிறர் தூக்கிவிடாமல் ஏறலாம்.

2019 செப்டம்பர் 14-இல் ரயில் ஓடத் தொடங்கியது. நீளம் 12.5 கிலோமீட்டர். நிலையங்கள் 13.

ஆனால் ஒரு குறை. முன்பு வெளிப்பகுதி மக்கள் ஒரே பேருந்தில் நகரத்துக்குள் போனார்கள். ரயில் விட்ட பிறகு பிளேரில் இறங்கி ரயில் ஏற வேண்டியிருந்தது. டிக்கெட் ஒன்றுதான். ஆனால் ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

அதுவும் நடந்தது. கதவு சிக்கி ரயில் நின்றது. 2021-இல் ஓடும் ரயில் இரண்டு முறை தடம் புரண்டது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. ஒரு முறை, பழுது பார்த்தவர்கள் போல்ட்டுகளைச் சரியாக முறுக்காததே காரணம். ஏறக்குறைய இரண்டு மாதம் ரயில் ஓடவில்லை.

விசாரணை நடந்தது. 2022-இல் அறிக்கை வந்தது. சோதனை ஓட்டத்தில் 98 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்று முதலில் வைத்திருந்தார்கள். நடுவில் அதை 96 ஆகக் குறைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்ற உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாததால் அவர்கள் கேள்வி கேட்கவில்லை.

நாம் கேட்கலாம்

நம் ஊரிலும் பாலம், சாலை, ரயில் வேலைகள் நடக்கின்றன. "எப்போது திறப்பீர்கள்?" என்று எல்லோரும் கேட்கிறோம். "சோதித்துப் பார்த்தீர்களா?" என்றும் கேட்க வேண்டும். நம் நாட்டில் அதற்குச் சட்டம் உண்டு. அது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அரசு அலுவலகத்துக்கு மனு எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். எழுதிக் கேளுங்கள்.

பதில் எழுதுங்கள்

1. நகரின் நடுவில் பேருந்துகள் ஏன் வரிசையாக நின்றன?
2. நடைமேடையை ஏன் ரயிலின் தளத்துக்குச் சமமாக அமைத்தார்கள்?
3. நகர மன்ற உறுப்பினர்களுக்கு எதைச் சொல்லவில்லை?

சேர்ந்து செய்யுங்கள்

உங்கள் ஊரில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றிப் பேசுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள்.