கூர் பார்க்காதே, தம்பி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நியூகாசிலில் வீடு பார்த்தாயிற்று, ஒரு வயது பார்டர் டெரியர் நாய் ஒன்றும் வீட்டுக்கு வந்தாயிற்று என்று தெரிந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் கடைசியில் கேட்டாயே, "ஐந்து ஸ்ட்ரிப்பிங் கத்தி உள்ள பெட்டி வாங்கப்போகிறேன், எது ரொம்பக் கூரானது?" என்று. அங்கேதான் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. கத்தி என்றதும் கூர் பார்க்கிறாய். இந்தக் கத்திக்குக் கூர் இருக்கவே கூடாது.

நாயின் முடியை வெட்ட வந்ததல்ல இது, பிடித்து உருவ வந்தது. கத்தியின் பல்வரிசை ஒரு பக்கம், உன் கட்டைவிரல் மறுபக்கம், நடுவில் நாலைந்து முடி. அவ்வளவுதான். உன் நாய்க்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. அடியில் மெத்தென்ற முடி குளிரைத் தாங்கும். மேலே விறைப்பான முரட்டு முடி மழையையும் முள்ளையும் தாங்கும். உன் ஊருக்கு வடக்கே செவியட் மலைப்பக்கம் நரி வேட்டைக்காரர்களோடு ஓடிய இனம் அது. அந்த மேல்முடி வளர்ந்து முடிந்ததும் பழுத்த இலை காம்பை விடுவதுபோல வேரில் பிடியை விட்டுவிடும். அப்போது இழுத்தால் முழுசாக வரும். அதே துளையில் புதுமுடி விறைப்பாக, நல்ல நிறத்தோடு முளைக்கும். வெட்டினாலோ செத்த முடியின் அடிப்பாதி தோலுக்குள்ளேயே தங்கிவிடும். நிறம் வெளுக்கும், விறைப்பு போகும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

"உயிருள்ள பிராணியின் முடியைப் பிடுங்குவதா, வலிக்காதா?" என்பாய். பிடி விடாத முடியை இழுத்தால் வலிக்கத்தான் செய்யும். அதனால் முதலில் கத்தியைத் தொடாதே. முதுகில் இரண்டு மூன்று முடியை வெறும் விரலால் இழுத்துப் பார். தடையில்லாமல் வந்தால் நேரம் வந்துவிட்டது. வரவில்லையா, சில வாரம் பொறு. வயிறு, தொடை இடுக்கு, பின்புறம் எல்லாம் மெல்லிய தோல். அங்கே கத்திரிக்கோல் போதும். கருத்தடை செய்த நாய்களுக்கு முடி மெத்தென்று மாறி உருவ வராமல் போவதும் உண்டு. அப்படியானால் கிளிப்பர் போடு, அதில் ஒரு குற்றமும் இல்லை.

இனி எந்தக் கத்தி. பல் அகன்றது முதுகுக்கும் விலாவுக்கும், நடுத்தரமானது கழுத்துக்கும் தோளுக்கும், நெருக்கமானது தலைக்கும் காதுக்கும். உனக்கு இப்போது நடுத்தரம் ஒன்று போதும். சில கத்திகள் வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாக வரும். நீ இடக்கைக்காரன், அதைக் கேட்காமல் வாங்கி வந்து நிற்காதே! ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்தி கிடைத்தால் நல்லது. அந்த ஊர்ப் பெயரைப் பொறிக்கும் உரிமைக்கு 1938 முதலே அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. வேறொருவர் பல வருஷம் பிடித்துத் தேய்ந்த பழைய கத்தி விலைக்கு வந்தால் யோசிக்காமல் வாங்கு. அனுபவசாலிகள் அதைக் கையை விட்டு விடமாட்டார்கள்.

புதுக் கத்தி எவ்வளவு நல்லதானாலும் பல்லின் விளிம்பில் கூர் இருக்கும். செங்கல்லிலோ உப்புத்தாளிலோ இரண்டு பக்கமும் தேய்த்து அதை மழுக்கு. போதுமா என்று நாயிடமே கேட்கலாம். கொஞ்சம் உருவி, கையில் வந்ததைப் பார். முடி முழு நீளத்துக்கு இருந்தால் சரி. குட்டை குட்டையாக வந்தால் கத்தி இன்னும் வெட்டுகிறது, மறுபடி தேய்.

தேய்த்த பிறகும் குட்டையாக வந்தால் தப்பு உன் மணிக்கட்டில். எல்லோரும் செய்வதுதான். முடியைப் பிடித்ததும் மணிக்கட்டைச் சுழற்றுவார்கள், மழுங்கிய பல்லும் அப்போது வெட்டிவிடும். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடி. மறு கையால் முடி வளரும் திசையிலேயே நேராக இழு. விசை முழங்கையிலிருந்து வரட்டும். கொஞ்சமாகப் பிடி. கொத்தாகப் பிடித்தால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பாய். முடியாது, நாய்தான் உன்னைக் கண்டதும் ஓட ஆரம்பிக்கும். முடி வழுக்கினால் சாக்பீஸ் பொடி தடவு, அல்லது விரலுக்கு ரப்பர் உறை போட்டுக்கொள். குளிப்பாட்டிவிட்டு உட்காராதே. குளித்த முடி மெத்தென்று வழுக்கும்.

வேலை முடிந்ததும் சாக்பீஸ் பொடியோடு கத்தியை மூடி வைத்தால் ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி உறையில் போடு. அடுத்த முறை அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஆரம்பி. கத்திரிக்கோல்களோடு ஒரே டப்பாவில் கொட்டாதே, பல் வளையும். சாணை பிடிக்க மட்டும் கொடுக்கவே கொடுக்காதே. மழுக்கிய பாடெல்லாம் ஒரே நாளில் வீண்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழு நாயையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். இன்று முதுகு, நாளை கழுத்து. அது முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். முழுதும் உருவிய பிறகு புதுமுடி நிறைந்து வர இரண்டு மூன்று மாதம் ஆகும். வந்ததும் எப்படி இருக்கிறது என்று எழுது, படமும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்