மல்லாட்டை தங்கியது, வெள்ளி உருகியது

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பொக்லைன் தோண்டிக்கொண்டிருக்கிறது. மண் புரளும் ஊரில் புதையல் பேச்சும் புரளும். மெட்டல் டிடெக்டர் ஆன்லைனிலேயே கிடைப்பதால் பேச்சோடு நிற்காதவர்களும் உண்டு. கருவி வாங்கும் முன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்வோம்.

நம்பிக்கை: கப்பலில் வந்த ஸ்பெயின் வெள்ளிக்காசு நம் பக்கத்து மண்ணில் குடம் குடமாகக் கிடக்கிறது.

உண்மை: வெள்ளி வந்தது மெய்தான். 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வெள்ளி சுமந்தன. சென்னை வணிகர்கள் மணிலாவில் துணி விற்று அதைக் கொண்டுவந்தார்கள். 1726இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் கட்டிய ஆர்மீனியர் பெட்ரஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் செழித்தவர். ஆனால் அந்தக் காசில் பெரும்பகுதி நாணயச்சாலை உலைக்குப் போய், உள்ளூர் நாணயமாக வெளியே வந்தது. மணிலாவின் பெயர் நம் வயலில் நிலைத்தது வேர்க்கடலையில்தான்: மணிலாக்கொட்டை, நம் வாயில் மல்லாட்டை.

நம்பிக்கை: கருவி இருபது அடி ஆழத்தில் இருக்கும் தங்கத்தையும் காட்டிவிடும்.

உண்மை: கருவியின் வளையம் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் எழும் மின்னோட்டம்தான் ஒலியாகத் திரும்புகிறது. ஒற்றைக் காசை ஓர் அடி ஆழத்தில் கண்டாலே பெரிது. நம் பக்கத்தில் அது ஓயாமல் அலறும்: கம்பித் துண்டு, ஆணி, போல்ட், பாட்டில் மூடி. மனையை மேடாக்க லாரியில் ஏரி மண் வேறு கொட்டியிருப்பார்கள். அதில் காசு கிடைத்தாலும் அது அந்த இடத்துக் காசு அல்ல.

நம்பிக்கை: பட்டா என் பெயரில், கிடைப்பதும் எனக்கே.

உண்மை: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமை கோர யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் பாத்திரத்தோடு கிடைத்த 505 பொற்காசுகளும் அரசுக் கருவூலத்துக்கே போயின.

நம்பிக்கை: ராமர் படம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு அரிசியை இழுக்கும், கோடிக்கு விலை போகும்.

உண்மை: கம்பெனி அப்படி ஒரு காசை அச்சிட்டதே இல்லை. அவை பிற்காலத்துக் கோயில் வில்லைகள். பழைய நாணயம் வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021இல் எச்சரித்தது.

நம்பிக்கை: காசை எடுத்துவிட்டால் போதும், குழிக்கு மதிப்பில்லை.

உண்மை: குழியில்தான் பாதி வரலாறு இருக்கிறது. 1780இல் ஹைதர் அலியின் படை கம்பெனிப் படையை முறியடித்த புள்ளலூர் நமக்குப் பக்கம்தான். அங்கே ஒரு துப்பாக்கிக் குண்டு கிடந்த இடம், படை நின்ற இடத்தைச் சொல்லும். பிடுங்கி வந்த குண்டு வெறும் ஈயம்.

கடைக்கால் தோண்டும்போது காசு தட்டுப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அப்படியே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். வேலை நிற்குமே என்று மேஸ்திரி முணுமுணுப்பார்; முணுமுணுக்கட்டும்.