கல்லான கணவாயும் அதன் சுற்றமும்

மொழிகளின் உறவை ஆராய்வோர் அவற்றின் மேற்றோற்றத்தை நம்புவதில்லை. மலையாளத்தில் வடசொற்கள் மிகுந்திருத்தல் கண்டு, அதனை வடமொழியின் மகளெனக் கருதுவோர் பிழைபடுவர். மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வினையமைதி ஆகியவற்றை நோக்குவோர்க்கு அது தமிழோடு ஒரு குடிப்பிறந்தமை புலனாகும். 1856-ல் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் கைக்கொண்ட நெறி இதுவே. இந்நெறி கல்லினிடத்தும் செல்லுமென்பதைக் கணவாயினத்தைக் கொண்டு ஈண்டுச் சிறிது காட்டுவாம்.

கணவாய் மெல்லுடலுடையது. இறந்தபின் தசை அழிய, பெரும்பாலும் எஞ்சுவது உள்ளோடே. ஓட்டுக் கணவாயின் உள்ளோட்டை நம் மருத்துவர் கடல்நுரை என்பர். ஊசிக் கணவாயில் அது இறகனைய மெல்லிய தகடாகும். அருகி மைப்பையும் எஞ்சுவதுண்டு. இங்கிலாந்து தேசத்து லைம் ரீஜிஸ் கடற்கரையில் 1826-ல் மேரி ஆனிங் அம்மையார் கண்ட உலர்ந்த மையை நீரிற் குழைத்து, அவர் தோழியார் எலிசபெத் பில்பாட் சித்திரம் வரைந்தனர்.

இனி, பெலம்னைட்டு என்னும் கல்லைக் காண்போம். துப்பாக்கிக் குண்டு போன்று ஒருபுறம் கூர்ந்த இது, பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியிலும் அகப்படுகின்றது. ஐரோப்பியப் பாமரர் இதனை இடியோடு விழுந்த அம்பென நம்பினர். உண்மையில் இஃது ஓருயிரின் உள்ளோட்டுக் கடைமுனையாம். உடலும் பதிந்த அரிய கற்களிற் கொக்கிகள் பொருந்திய பத்துக் கைகள் காணப்படுகின்றன. ஊசிக் கணவாய்க்கும் கைகள் பத்தே. ஆதலின் இதனை இற்றைக் கணவாயின் தாயென்று கூறலாமோவெனின், கூறலாகாது. ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகட்கு முன் வழித்தோன்றலின்றி மாய்ந்த பக்கக் கிளை இது. தாயன்று, தாயின் உடன்பிறந்தாள் போல்வது என்க.

ஜெர்மனி தேசத்துச் சோல்ன்ஹோபன் சுண்ணக்கல்லிற் கிடைத்த பிளீசியோடூதிஸ், டிராக்கிடூதிஸ் என்பவற்றின் செய்தி இன்னும் வியப்பானது. இவை சுமார் 15 கோடி ஆண்டுப் பழமையுடையன. நீண்ட உடல், துடுப்பு, உள்ளே மெல்லிய தகடு ஆகிய யாவும் ஊசிக் கணவாயையே ஒக்கும். முன்னோர் அவ்வாறே எழுதியும் வைத்தனர். பின்வந்தோர் கைகளை எண்ணினர், அவை எட்டே! தகட்டின் வளர்ச்சிக் கோடுகளை நோக்கினர். அவை ஆழ்கடலில் இன்றும் வாழும் வாம்பைர் கணவாயின் தகட்டை ஒத்தன. அதுவோ எட்டுக்கைப் பேய்க்கணவாய்க்குச் சுற்றம். ஆகவே, இக்கல்லுயிர்களும் பேய்க்கணவாயின் கிளையினவென இந்நாளிற் கொள்ளப்படும். கடலில் விரைந்து நீந்தும் வாழ்க்கை, வேறு கிளையினரையும் ஓருருவினராக்கிற்று.

தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் தமிழே தாயென மேடைகளிற் கூறக்கேட்டு யாமும் கைகொட்டியதுண்டு. பழமையுடையதெல்லாம் தாயாகாது, உடன்பிறந்தாரும் பழமையுடையரே. பெலம்னைட்டைத் தாயென்பார் செய்யும் பிழையே எமது பிழையும் என்பதனை இக்கற்களால் அறிந்தோம். தமிழைத் தமக்கையென்பதால் அதன் பெருமை ஒருசிறிதும் குறையாது. ஆதலின், நண்பர்காள், உறவு கூறுமுன் கைகளை எண்ணுவோமாக.