பாயின்ட்டில் கன்னிமராவில் ஓர் இரவு

தாம்பரத்துக்காரர்கள் பாரம்பரிய ஓட்டலைத் தேடி ஊட்டி வரை போக வேண்டாம். கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து மெட்ரோவில் எல்.ஐ.சி. நிலையம், பக்கத்திலேயே பின்னி சாலையில் தாஜ் கன்னிமரா. மதராஸ் கவர்னர் கன்னிமரா பிரபுவின் பெயர் தாங்கிய இந்தப் பழைய ஓட்டல், புதுப்பிக்கப்பட்டு 2018இல் மீண்டும் திறந்தது.

இங்கே தங்கும் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. டாடா நியூ செயலி வழியே பிக்பாஸ்கெட் மளிகை, குரோமா மிக்ஸி வாங்கினால் சேரும் நியூகாயின் என்ற பாயின்ட் ஒன்று ஒரு ரூபாய்க்குச் சமம். தாஜ் அறைக் கட்டணத்திலும் அதைக் கழித்துக்கொள்ளலாம். பாயின்ட்டின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். அறைக் கட்டணத்தோடு ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, காலை உணவு உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஓட்டலில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பகுதியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பாயின்ட்டுக்காகவே தேவையில்லாத பொருள் வாங்குவது மட்டும் நிச்சயம் நஷ்டம்.