ஆட்டக் குழுவின் உடைமையாளர்

விருதுநகர்க் கடைவீதியில் வாணிகம் செய்தோர் தம் விற்பனையிலிருந்து பொதுக் காரியங்களுக்கென்று ஒரு சிறு பகுதியை மகமையாக எடுத்து வைத்தனர் என்பதும், 1889-ஆம் ஆண்டில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுப் பொருளால் வளர்ந்தது என்பதும் நம் மாணவர் பலரும் அறிந்தனவே. மகமைப் பணம் வணிகனின் கைவழியே வருவதாயினும் அவனுடைய முதலாகாது. இந்நெறி விளையாட்டுக்கும் பொருந்துமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஆட்டக் குழுவை விலைக்குக் கொள்பவர் வீரரின் ஒப்பந்தத்தையும் குழுவின் பெயரையும் கொள்கிறார். ஆட்டத்தின் நேர்மையைக் கொள்வதில்லை. அது காண்போர் யாவர்க்கும் பொதுவானது. இங்கிலாந்து தேசத்தார் இதனை முன்னரே உணர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுக் கால்பந்துக் கழகங்கள் கம்பெனிகளாக மாறியபோது, பங்குதாரர் பெறும் இலாபத்துக்குக் கால்பந்துச் சங்கம் வரம்பு கட்டியது. இயக்குநர் ஊதியம் பெறலாகாது என்னும் விதி 1981 வரை நிலவியது.

நம் நாட்டில் இவ்வினா கிரிக்கெட்டில் எழுந்தது. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் மிகுதி. அதனை நம்பி 1946-இல் நிறுவப்பெற்ற இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை 1949-இல் அங்கே இயங்கலாயிற்று. நிறுவியோருள் ஒருவரான ஸ்ரீ டி. எஸ். நாராயணசாமியின் புதல்வர் ஸ்ரீ என். சீனிவாசன். இரசாயனப் பொறியியல் கற்ற இவர் 1989-இல் நிர்வாகப் பொறுப்பேற்று, 1998-இல் ராசி சிமெண்ட் கம்பெனியைக் கைக்கொண்டு தொழிலைப் பெருக்கினார்.

2008 ஜனவரியில் ஐ.பி.எல். குழுக்கள் ஏலம் விடப்பட்டபோது, சென்னைக் குழுவை இந்தியா சிமெண்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்குப் பெற்றது. அப்போது ஸ்ரீ சீனிவாசன் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். வாரியம் நடத்தும் ஆட்டங்களில் அதன் நிர்வாகி எவரும் வணிக ஆதாயம் கொள்ளலாகாது என்பது வாரியத்தின் விதி. அவ்வாண்டு செப்டம்பரில் அவ்விதி திருத்தப்பட்டு, ஐ.பி.எல். அதற்கு விலக்காயிற்று. 2011-இல் அவர் வாரியத் தலைவரும் ஆனார்.

குழு 2010, 2011 ஆகிய இரண்டாண்டும் கோப்பை வென்றது. ஆயின் 2013-இல், குழுவின் அலுவலராயிருந்த அவருடைய மருமகனார் பந்தயம் கட்டினார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 2015 ஜனவரி 22-இல் உச்சநீதிமன்றம், பந்தயம் கட்டியது மெய்ப்பிக்கப்பட்டதென்றும், ஸ்ரீ சீனிவாசன் அதனை மூடி மறைத்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லையென்றும் தீர்ப்பளித்தது. எனினும் 2008-ஆம் ஆண்டின் விதித்திருத்தம் செல்லாதென்று நீக்கிற்று. அவ்வாண்டு ஜூலையில் நீதிபதி லோதா குழுவினர் சென்னைக் குழுவுக்கு ஈராண்டுத் தடை விதித்தனர்.

இதன் உட்பொருளை நோக்குக. தலைவர் தவறிழைத்தாரா என்பது ஒரு வினா. துலாக்கோலைப் பிடிப்பவரே சரக்குக்கும் உடையவராயிருத்தல் தகுமா என்பது பிறிதொரு வினா. முன்னதில் குற்றம் மெய்ப்படாதபோதும் பின்னதற்கு விடை மாறவில்லை. இரட்டைப் பதவியின் தீங்கு யாதெனில், அப்பதவியாளர் நேர்மையாகவே நடப்பினும் அதனைப் பிறர் நம்ப இயலாது போவதாம். அதனால் ஏற்பட்ட இழப்போ, ஒரு குற்றமும் அறியாத வீரரையும் இரசிகரையும் சார்ந்தது.

தடை நீங்கி 2018-இல் மீண்ட குழு அவ்வாண்டே கோப்பையை வென்றது. தாழையூத்தில் தொடங்கிய சிமெண்ட் கம்பெனியோ 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கம்பெனியின் வசமாயிற்று. முன்னரே தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டிருந்த ஆட்டக் குழு அவ்விற்பனையில் சேரவில்லை. ஆலையைத் தாங்கியது சுண்ணாம்புக்கல். குழுவைத் தாங்கியது மக்களின் அன்பு.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை கூட்டுறவுச் சங்கங்களிலும், பள்ளிக் குழுக்களிலும், வணிகர் சபைகளிலும் பொறுப்பேற்பீர்கள். உங்கள் சொந்தக் கடையைப் பற்றிய தீர்மானம் அங்கே எடுத்துக்கொள்ளப்படும் நாளில், ஆசனத்தை விட்டெழுந்து வெளியே செல்லுங்கள். அச்சிறு செயல் உங்கள் கடையையும் காக்கும், சபையையும் காக்கும்.