கடன் தீரும் கணக்கு

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் அமைந்துள்ள சித்தியவான், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். ஆயர் தாவார், லூமுட் வரை பரந்திருந்த அத்தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினர். பின்னர்ப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில, வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களில் குடியேறின. வேலை மாறியது, வீடு மாறியது. ஆனால், ஒரு பழைய துணை மட்டும் வேறு உருவில் உடன் வந்தது. அதுதான் கடன்.

தோட்டத்து மளிகைக் கடைகளில் முகப்பில் 555 என்னும் எண் அச்சிடப்பட்ட சிறு குறிப்பேடு ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என வாங்கிய பொருள்களைக் கடைக்காரர் அதில் எழுதி வைப்பார். சம்பள நாளன்று கணக்குத் தீர்க்கப்படும். முழுவதும் தீர்க்க இயலாதவர்களின் பாக்கி அடுத்த பக்கத்திற்குச் செல்லும். இன்று அந்தக் குறிப்பேட்டின் இடத்தைக் கடன்பற்று அட்டை பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கடைக்காரர் பாக்கி கூடினால் முகத்தைச் சுளிப்பார். சாமான் தரத் தயங்குவார். அட்டை அவ்வாறு தயங்குவதில்லை. வரம்பு முடியும்வரை அது மறுப்பின்றிக் கடன் தரும். ஓசையின்றி வட்டியையும் சேர்க்கும்.

வட்டி வளரும் விதம்

கடன்பற்று அட்டை தன்னளவில் தீயதன்று. மாதக் கணக்கறிக்கையில் உள்ள முழுத் தொகையையும் உரிய நாளுக்குள் செலுத்துபவருக்கு, வாங்கிய பொருள்களுக்கு வட்டி இல்லை. முழுத் தொகையைச் செலுத்தாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. மலேசியாவில் இவ்வட்டி மூன்று படிகளாக அமைந்துள்ளது. தொடர்ந்து 12 மாதங்கள் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைச் செலுத்தியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வரையிலும், 12 மாதங்களில் குறைந்தது 10 மாதங்கள் முறையாகச் செலுத்தியவருக்கு 17 விழுக்காடு வரையிலும், மற்றவர்களுக்கு 18 விழுக்காடு வரையிலும் வட்டி விதிக்கப்படும். உரிய நாளைத் தவறவிட்டால் தாமதக் கட்டணமும் உண்டு. நிலுவை இருக்கும்போது அட்டையைப் பயன்படுத்திப் புதிதாக ஏதேனும் வாங்கினால், அதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை. அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அதற்குத் தனிக் கட்டணமும் சேரும்.

கணக்கறிக்கையில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஓர் எண் இருக்கும். பொதுவாக அது நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இவற்றுள் எது அதிகமோ அதுவாகும். பலர் அதைச் செலுத்திவிட்டால் அந்த மாதக் கடமை முடிந்தது என்று எண்ணுகின்றனர். உண்மையில், அந்த எண் கடனைத் தீர்ப்பதற்கான வழி அன்று. கடன் தொடர்ந்து நடப்பதற்கான வழியே ஆகும்.

6,000 ரிங்கிட் நிலுவையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாதத்திற்கு 1.5 விழுக்காடு. முதல் மாத வட்டி மட்டும் 90 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகையாக ஏறக்குறைய 305 ரிங்கிட் செலுத்தினாலும் அசலில் குறைவது 215 ரிங்கிட்தான். நிலுவை குறையக் குறைய, செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே போகும். அது சலுகைபோல் தோன்றும். ஆனால் கடனை இழுத்தடிப்பதும் அதுவே. புதிதாக எதுவும் வாங்காமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவந்தால், அந்த 6,000 ரிங்கிட் தீர 74 மாதங்கள் ஆகும். அதாவது, ஆறு ஆண்டுகளுக்கும் மேல். படிவம் ஒன்றில் சேர்ந்த மாணவர் படிவம் ஐந்தை முடித்து வெளியேறும்போதும் அக்கடன் வீட்டில் இருக்கும். வட்டியாக மட்டும் ஏறக்குறைய 2,300 ரிங்கிட் கைவிட்டுப் போயிருக்கும்.

இதே கடனுக்கு, முதல் மாதத்தில் செலுத்திய தொகையைக் குறைக்காமல் மாதந்தோறும் 300 ரிங்கிட் செலுத்தினால் 24 மாதங்களில் கடன் தீர்ந்துவிடும். வட்டி ஏறக்குறைய 1,190 ரிங்கிட்டாகக் குறையும். முதல் மாதச் சுமையைவிடக் கூடுதலாக ஒரு ரிங்கிட்கூடச் செலுத்தவில்லை. செலுத்தும் தொகையைக் குறையவிடாமல் பார்த்துக்கொண்டதே வேறுபாடு.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மேற்கண்ட கடனைச் சுமக்கும் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை லூமுட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். தாய் சித்தியவானில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். பிடித்தங்கள் போக இருவரின் மாத வருமானம் 4,200 ரிங்கிட். ஒரு மாதம் முழுவதும் அவர்கள் செலவு செய்த ஒவ்வொரு சென்னையும் எழுதி வைக்கின்றனர். மாத இறுதியில் கிடைத்த பட்டியல் இது:

வீட்டுக் கடன் – 750 ரிங்கிட்
கார்த் தவணை – 520 ரிங்கிட்
மளிகை, காய்கறி, மீன் – 1,150 ரிங்கிட்
மின்சாரம், தண்ணீர் – 190 ரிங்கிட்
கைப்பேசி, இணையம் – 210 ரிங்கிட்
பெட்ரோல் – 380 ரிங்கிட்
பிள்ளைகளின் பள்ளி, பகுதிநேர வகுப்பு – 350 ரிங்கிட்
தாத்தா பாட்டிக்கு அனுப்புவது – 200 ரிங்கிட்
வெளியே உண்பது – 300 ரிங்கிட்
சில்லறைச் செலவுகள் – 150 ரிங்கிட்

மொத்தம் 4,200 ரிங்கிட். வருமானம் முழுவதும் இங்கேயே முடிந்துவிடுகிறது. அட்டைக்குச் செலுத்தும் 305 ரிங்கிட் இப்பட்டியலில் இல்லை. அந்தப் பணத்தைச் சம்பளத்திலிருந்து கட்டிவிட்டு, மாதக் கடைசியில் பற்றாக்குறையாகும் அதே அளவு மளிகைப் பொருள்களை மீண்டும் அட்டையில் வாங்கியிருக்கின்றனர். கட்டியதும் வாங்கியதும் சரியாகிவிட, 90 ரிங்கிட் வட்டி மட்டும் கடனோடு சேர்கிறது. தவறாமல் பணம் கட்டியும் கடன் ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றியவாறே இருந்தால் குடம் நிறைவதில்லை. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

அடுத்து, எதைக் குறைப்பது என்ற கேள்வி எழுகிறது. வீட்டுக் கடனையும் கார்த் தவணையையும் உடனே மாற்ற இயலாது. தாத்தா பாட்டிக்கு அனுப்பும் 200 ரிங்கிட்டும் பிள்ளைகளின் கல்விச் செலவும் கைவைக்கக் கூடாதவை என்று குடும்பம் முடிவு செய்கிறது. சிக்கனம் என்பது எல்லாவற்றையும் வெட்டுவதன்று. எது முக்கியம் என்று தீர்மானித்து, அதைக் காப்பாற்றுவதற்காக மற்றவற்றைக் குறைப்பதாகும்.

சம்பள நாளன்றே பட்டியல் போட்டு மளிகை வாங்குவதாலும், காய்கறி, மீனைச் சந்தையில் வாரத்திற்கு ஒருமுறை வாங்குவதாலும் 170 ரிங்கிட் மிச்சமாகிறது. வெளியே உண்பதை மாதத்திற்கு இரண்டு முறையாகக் குறைத்ததில் 180 ரிங்கிட் மிஞ்சுகிறது. கைப்பேசித் திட்டத்தை மாற்றியதில் 60, சக ஊழியரோடு காரைப் பகிர்ந்துகொண்டதில் 50, சில்லறைச் செலவில் 40. ஆக மொத்தம் 500 ரிங்கிட். இவற்றுள் எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய தொகை அன்று. சிறு துளி பெருவெள்ளம் என்பதைக் கூட்டல் கணக்கே மெய்ப்பிக்கிறது.

அந்த 500 ரிங்கிட்டில் 450 கடனுக்குச் செல்கிறது. மீதம் 50 ரிங்கிட் அவசரச் சேமிப்பாகிறது. தீபாவளி, சாலை வரி, பள்ளித் தொடக்கம் போன்று ஆண்டுக்கொருமுறை வரும் செலவுகளுக்கு மிகைநேர வேலை ஊதியம் ஒதுக்கப்படுகிறது. கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஐந்தாம் மாதத்தில் கார் பழுதாகி 220 ரிங்கிட் செலவு வந்தால் என்ன செய்வது? சேமிப்பு இல்லையென்றால் கை மீண்டும் அட்டையைத் தேடும். அப்போது சேமிப்பில் 250 ரிங்கிட் இருப்பதால் அட்டை வெளியே வரத் தேவையில்லை. மாதம் 450 ரிங்கிட் வீதம் செலுத்திவந்தால் 15 மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். வட்டி ஏறக்குறைய 745 ரிங்கிட்தான்.

ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளில் கடன் இருப்பவர்கள், எல்லா அட்டைகளுக்கும் குறைந்தபட்சத் தொகையைச் செலுத்திவிட்டு, மிஞ்சும் பணத்தை வட்டி அதிகமுள்ள அட்டைக்குச் செலுத்த வேண்டும். அது தீர்ந்ததும் அதே தொகையை அடுத்த அட்டைக்குத் திருப்பலாம். அட்டையைக் கத்தரியால் வெட்டிவிட்டால் மட்டும் கணக்கு மூடப்படாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கடனைத் தீர்த்தபின் வங்கிக்கு முறையாகத் தெரிவித்து அட்டையை இரத்துச் செய்ய வேண்டும்.

தனியாகத் தாங்க முடியாதபோது

சிக்கனம் மட்டுமே எல்லாக் கடனையும் தீர்த்துவிடாது. வேலை இழப்பு, நோய், குடும்பத் தலைவரின் மறைவு போன்ற காரணங்களால் கடன் வருமானத்தையே விழுங்கும் நிலை ஏற்படலாம். அப்போது வெட்கப்பட்டு மறைப்பது கடனை வளர்க்கும். ஒரு கடனை அடைக்க ஆலோங் எனப்படும் வட்டி முதலைகளை நாடுவது, எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பாகும். சீட்டுப் பிடிப்பதைப் போன்ற ‘கூட்டு’ முறையும் பாதுகாப்பான வழி அன்று; 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது.

இத்தகையோருக்கு உதவுவதற்காகப் பேங்க் நெகாரா மலேசியா 2006ஆம் ஆண்டில் ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை அமைத்தது. ஈப்போவிலும் அதற்குக் கிளை உண்டு. அங்குள்ள ஆலோசகர்கள் குடும்பத்தின் வரவு செலவை ஆராய்ந்து, தேவைப்பட்டால் வங்கிகளுடன் பேசி, தாங்கக்கூடிய தவணையில் கடனைச் செலுத்த வழிசெய்கின்றனர். இச்சேவை இலவசம். ஆலோசனைக்குச் செல்பவர் எடுத்துச் செல்ல வேண்டியவற்றுள் முதன்மையானது, உண்மையான வரவு செலவுக் கணக்குதான்.

கடனிலிருந்து மீளும் முயற்சி தோட்டத் தமிழர்களுக்குப் புதியதன்று. கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்த பலர், பயணச் செலவையே கடனாகச் சுமந்து தம் வாழ்க்கையைத் தொடங்கினர். பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். குறைந்த கூலி பெற்ற தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி அதில் பங்குதாரர் ஆயினர். தாம் உழைத்த வகையான தோட்டங்களுக்கே தாம் உரிமையாளராகும் வாய்ப்பை அந்தச் சிறு தொகைகள் தந்தன.

வருமானம் குறைவு என்பதால் திட்டமிட இயலாது என்பாருக்கு அவ்வரலாறு விடை கூறுகிறது. திட்டமிடலுக்குப் பெரிய சம்பளத்தைவிட, மறைக்காமல் எழுதப்பட்ட கணக்கும், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து பேசும் மனமும் தேவை. கடன் எவ்வளவு என்று தெரிந்த பிள்ளை, புதிய காலணியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று தானே சொல்லக்கூடும். எதுவும் தெரியாத பிள்ளையோ, பெற்றோர் மறுப்பதை அன்பின்மை என்று எண்ணிவிடும்.

எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் பதினாறாம் மாதம் பிறக்கும்போது வட்டி இல்லை; நிலுவை இல்லை. அதுவரை கடனுக்குச் சென்ற 450 ரிங்கிட் இப்போது வீட்டிலேயே இருக்கிறது. அதை மீண்டும் செலவாக்குவதா, பிள்ளைகளின் மேற்கல்விக்குச் சேமிப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அக்குடும்பத்திற்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

சிந்தித்து விடையளித்திடுக

1. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துவதால் கடன் ஏன் நீண்ட காலம் தொடர்கிறது? சான்றுடன் விளக்குக.
2. எடுத்துக்காட்டுக் குடும்பம் சில செலவுகளைக் குறைக்க மறுத்தது. அம்முடிவு சரியானதா? உமது கருத்தை எழுதுக.
3. உமது வீட்டின் ஒரு வாரச் செலவைப் பெற்றோரின் துணையுடன் பட்டியலிட்டு, குறைக்கக்கூடிய செலவுகள் இரண்டைக் காரணத்துடன் குறிப்பிடுக.